ஞானஒளிவு அண்ணாச்சியின் வீட்டுக் குரல்

சங்கரன்கோவிலில் துணி எடுத்தவர்கள், நகை எடுத்தவர்கள், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றவர்கள் எல்லோருக்கும் ஞானஒளிவு அண்ணாச்சியின் குரலைத் தெரியும். ஆளைத் தெரியாது. ஆள் குட்டை, ஒல்லி. குரலை மட்டும் கேட்டவர்கள் ஆஜானுபாகுவாக ஒருவர் வந்து நிற்பார் என்று எதிர்பார்ப்பார்கள். இவரைப் பார்த்ததும் "இவரா?" என்று முகம் விழுந்துவிடும். அதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. எனக்குச் சிரிப்பு வரும்.

நான் சங்கரசுப்பு. தேரடிப் பக்கம் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் எத்தனையோ ஆம்ப்ளிபயர், எத்தனையோ குழாய் ஸ்பீக்கர் இருந்தாலும் கடையை நடத்தியது அண்ணாச்சியின் தொண்டைதான். ஆட்டோவின் தலையில் குழாயைக் கட்டிக்கொண்டு, கடை விளம்பரம் சொல்லியபடி திருவேங்கடம், வாசுதேவநல்லூர் என்று சுற்றுவார். வாய் வலித்தால் முன்பே பதிந்து வைத்ததைப் போட்டுவிடுவார். பதிந்ததெல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்கும். அந்தப் பென்டிரைவ் கயிறு கட்டி அவர் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதுதான் கழற்றுவார் என்று ஜெயபாய் அக்கா சொல்லுவார்.

ஜெயபாய் அக்கா அண்ணாச்சியின் மனைவி. சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. சமையலும் துணி துவைப்பதும் தடவித் தடவியே நடந்தன. புருஷனோடு பேச்சும் சண்டையும் அதற்குமேல் நடந்தன. தெருவில் விசைத்தறிகள் அடிக்கிற அடியில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. இவர்கள் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தை மிஞ்சிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அடுத்த நிமிடம் சேர்ந்து சிரிப்பார்கள்.

அண்ணாச்சிக்கு இரண்டு குரல் உண்டு என்று சொல்ல வேண்டும். மைக்கைக் கையில் பிடித்தால் "அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே" என்று ஒரு நீட்டு நீட்டுவார். அதில் நெல்லைப் பேச்சின் வாடையே இருக்காது. மைக்கை வைத்த உடனே "ஏலே சுப்பு, டீ சொன்னியாலே" என்பார். இந்த இரண்டாவது குரல்தான் வீட்டுக்குப் போகும். அதை யாரும் பதிந்து வைத்ததில்லை. வீட்டில் பேசுவதை எந்தக் கிறுக்கன் பதிவான்?

அப்புறம் தொண்டையில் புற்று வந்தது. முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வைத்தார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றையும் கொடுத்தார்கள். அது வண்டு இரைவது போல இரைந்தது. அக்கா பயந்துபோய், அதைத் தூரப் போடச் சொன்னார்.

ஒருவருக்குப் பேச்சு இல்லை. இன்னொருவருக்குப் பார்வை இல்லை. ஊரெல்லாம் இதைச் சொல்லி உச்சுக் கொட்டியது. உச்சுக் கொட்டியவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். அண்ணாச்சி எழுதிக் காட்டினால் அக்காவால் படிக்க முடியாது. அக்கா கேட்பதற்கு அவர் மேசையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. ஆமாம், இல்லை என்ற இரண்டை வைத்துக்கொண்டு எந்தப் புருஷன் பெண்டாட்டி குடும்பம் நடத்த முடியும்? ஒரு சண்டை போட முடியுமா?

அவர்களுக்கு ஒரே மகள், ஜெபிதா. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். அவளிடம் இருந்த பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, அதில் ஒரு புரோகிராமை வைத்துக் கொடுத்தாள். அதன் பெயர் pesu. அண்ணாச்சி தமிழில் எதை அடித்தாலும் அது அவர் குரலிலேயே சொல்லும். குரலுக்கு மாதிரி எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். என் கடை ஹார்டு டிஸ்கில் இருந்துதான். அத்தனை வருட விளம்பரத்தையும் அள்ளிக் கொடுத்தேன். அண்ணாச்சி திரும்பப் பேசப்போகிறார் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். அண்ணாச்சி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்: "ஜெயா, மாத்திரை போட்டியா?" லேப்டாப் சொன்னது. அவர் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஆடித் தள்ளுபடி சொல்லுகிற குரல். மாத்திரை போட்டியா என்பதை, கடைசி மூன்று நாட்கள் மட்டுமே என்பது போலச் சொன்னது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. காலையில் "எழும்பிட்டியா", மதியம் "சோறு போடு", எல்லாம் விளம்பரமாகவே வந்தது. "ஏட்டி" என்று அடித்தால் அந்தக் குரலுக்கு ஏட்டி வரவில்லை. மேடையில் நின்று கூப்பிடுவது போல இருந்தது. மைக்கில் நின்று யாரும் பெண்டாட்டியை ஏட்டி என்று கூப்பிட்டதில்லையே, அதற்கு எங்கிருந்து வரும்? அக்கா பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். பிறகு, அதை அணைத்து வைக்கச் சொன்னார்.

"சுப்பு தம்பி, இந்த வீட்டுக்குள்ள வெளம்பரக்காரன் ஒருத்தன் இருக்கான். இவுக எங்கன போனாகன்னு தெரியல" என்று என்னிடம் சொன்னார். அண்ணாச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

அக்காவின் தங்கை பாளையங்கோட்டையில் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கார் எடுத்துக்கொண்டு வந்து அக்காவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடாயிற்று. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டேன். "அங்கன நாலு பேர் பேசுத சத்தம் கேக்கும் தம்பி" என்றார் அக்கா. அது என் கேள்விக்குப் பதில் இல்லை. அவர் திரும்பி வருகிற எண்ணத்தில் இல்லை என்பது எனக்கும் புரிந்தது, அண்ணாச்சிக்கும் புரிந்தது.

ஜெபிதாவுக்கு விஷயம் போனது. அவள் ஏற்கெனவே வேறொரு வேலையில் இறங்கியிருந்தாள். கல்லூரி விடுதியில் இருந்தபோது அப்பா அவளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதெல்லாம் பழைய போனில் அப்படியே கிடந்தன. "மக்கா சாப்பிட்டியா", "ஒங்கம்ம இங்கன என்னைய வையுதா" என்கிற மாதிரி. பின்னால் தறிச் சத்தத்தோடு, கரகரப்போடு. அந்தத் துண்டு துணுக்குகளைக் கோத்து, புதிதாக ஒரு pesu செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை அதை அனுப்பிவிட்டு, அன்று இரவே கம்பெனி வேலையாக ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிட்டாள். "அப்பா, பழசை எடுத்துட்டு இதைப் போடுங்க. ஃபைல் இறங்குனதும் chmod +x pesu அடிச்சிருங்க, அப்பத்தான் ஓடும்" என்று எழுதியிருந்தாள்.

அண்ணாச்சி இறக்கினார். இறக்கிவிட்டு, எங்கள் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்.

எங்கள் தொழிலில் ஆட்டோவுக்குப் போகிற பென்டிரைவில் பழைய விளம்பரத்தை வைத்துக்கொள்ளவே மாட்டோம். போன வருடத் தள்ளுபடியைத் தெரியாமல் போட்டுவிட்டு, கடை வாசலில் ஜனம் சட்டையைப் பிடித்தது எங்களுக்குத்தானே தெரியும்? அதனால் அவர் முதல் வேலையாகப் பழைய pesu-வைத் துடைத்து எறிந்தார். அடுத்தது, குரல் என்றால் அது பென்டிரைவில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் விட்டு வைத்தால் எவனாவது எடுத்துப் போட்டி ஆட்டோவில் போட்டுவிடுவான். அதனால் புதியதைக் காப்பி எடுக்காமல் வெட்டியே எடுத்து, கழுத்துப் பென்டிரைவில் ஒட்டினார். லேப்டாப்பில் ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம், மகள் சொன்ன வரியைப் பென்டிரைவில் வைத்தே அடித்தார்.

லினக்ஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னபடி நடந்துவிட்டால் அது வாயைத் திறக்காது என்று ஜெபிதா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சரி, ஆயிற்று என்று புரோகிராமை ஓட்டினார். Permission denied என்று வந்தது. உரிமை இல்லையாம். திரும்ப அந்த வரியை அடித்தார். திரும்பவும் மௌனம். ஓட்டினார். உரிமை இல்லை.

சனிக்கிழமை காலை நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். போனில் அடித்துக் காட்டினார்: "குரல் போச்சுலே."

"எந்தக் குரல் அண்ணாச்சி?"

"ரெண்டும்."

நடந்ததை அடித்துக் காட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பழச எதுக்குத் தொடச்சீரு? இருந்தா அந்த வெளம்பரக்காரனாவது வீட்ல பேசிக்கிட்டு கெடப்பாம்லா" என்று கத்தினேன். கத்தியபிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். எதிர்த்துக் கத்த முடியாத ஆளிடம் கத்துவதைப் போல ஒரு கேவலம் கிடையாது. ஜெபிதாவின் போனை அடித்துப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப். வானத்தில் இருந்தாள்.

லேப்டாப்பை வாங்கி நானும் தட்டிப் பார்த்தேன். ஆம்ப்ளிபயர் மக்கர் பண்ணினால் பக்கவாட்டில் ஒரு அறை விடுவேன். லேப்டாப்பை அறையவா முடியும்? சாயங்காலம் கார் வந்துவிடும். அதற்குள் அண்ணாச்சி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். போகாதே என்பதற்கு மேசையில் எத்தனை தட்டு தட்டுவது?

ராஜபாளையம் ரோட்டில் ஆயிஷா சித்திகா மேடம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். அண்ணாச்சியை வண்டியில் உட்கார வைத்து அங்கே கொண்டுபோனேன். அண்ணாச்சியைப் பார்த்ததும் மேடத்துக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் "தபசுக் கூட்டத்துல எங்க மகளக் காணோம்னு மைக்ல சொன்னது இவுகதானே" என்று எழுந்து நாற்காலி போட்டார்.

"மேடம், இதுல வைரஸ் ஏறிட்டு" என்று நான் ஆரம்பித்தேன். அண்ணாச்சி என் கையில் ஒரு அடி போட்டார். போனில் தானே அடித்தார். என்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன், லேப்டாப் என்ன சொன்னது என்று ஒன்றுவிடாமல். மேடம் பொறுமையாகப் படித்தார்.

"ஃபைல் இப்ப எங்க இருக்கு அண்ணாச்சி?"

அண்ணாச்சி கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

மேடம் பென்டிரைவைச் செருகி ஏதோ அடித்தார். pesu என்ற பெயருக்கு முன்னால் சில எழுத்துகள் வந்தன. அதில் விரலை வைத்துக் காட்டினார். "ஒரு ஃபைலுக்கு மூணு உரிமை உண்டு. படிக்கலாம், மாத்தி எழுதலாம், ஓட்டலாம். ஆர், டபிள்யூ, எக்ஸ். வெளிய இருந்து இறக்குனதுக்கு இந்த எக்ஸ் தானா வராது. கண்டதும் தானா ஓடிட்டா ஆபத்துல்லா? நாமதான் பாத்துக் குடுக்கணும். பாருங்க, இதுல எக்ஸே இல்ல."

"அவுக குடுத்திருக்காக மேடம். ராத்திரி பூரா குடுத்திருக்காக" என்றேன்.

"குடுத்தாக. பென்டிரைவ் வாங்கிக்கிடல. இது விண்டோஸ்காரங்க முறையில எழுதுன பென்டிரைவ். ஓட்டலாம்னு குறிச்சு வைக்கிறதுக்கு இதுல எடமே கெடையாது. நீங்க என்ன சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்கிட்டு மறந்துரும். வேணாம்னும் சொல்லாது." மேடம் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "லேப்டாப்புல இறக்குன எடத்துல வச்சே அந்த வரிய அடிச்சிருந்தீகன்னா நேத்தே பேசியிருக்கும். எதுக்கு இதுக்குள்ள கொண்டு போனீக?"

அண்ணாச்சி அடித்தார்: "எங்க தொழில்ல குரல் இதுலதாம்மா இருக்கும்."

மேடம் ஃபைலைப் பென்டிரைவிலிருந்து லேப்டாப்புக்குள் காப்பி எடுத்தார். அடுத்த வரியை அடிக்கக் கையைக் கொண்டுபோனபோது அண்ணாச்சி குறுக்கே கையை நீட்டிவிட்டார். தானே அடிக்க வேண்டுமாம். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துச் சரிபார்த்து chmod +x pesu என்று அடித்தார். மறுபடியும் அதே மௌனம். மேடம் பட்டியலைத் திரும்ப எடுத்துக் காட்டினார். அதுவரை வெள்ளையாக இருந்த பெயர் பச்சையாக மாறியிருந்தது.

"எக்ஸ் விழுந்துட்டு. இனி ஓடும், இன்ஷா அல்லாஹ்" என்றார் மேடம்.

"ஓட்டிப் பாத்துரும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். போனில் காட்டினார்: "மொதல்ல அவ கேக்கட்டும்." எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மைக்கைத் தட்டிப் பார்க்காமல் எந்த மைக் செட்காரனாவது மேடையை விட்டு இறங்குவானா? வழியெல்லாம் திட்டிக்கொண்டே வண்டியை ஓட்டினேன். பின்னால் அவர் நெஞ்சோடு அணைத்திருந்த லேப்டாப் என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன பாளையங்கோட்டைத் தங்கை மத்தியானமே வந்துவிட்டார். பை கட்டியாயிற்று. அக்கா நல்ல சேலை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் காலடி கேட்டதும், "வந்துட்டாகளா? சொல்லிட்டுப் போவலாம்னு இருந்தேன்" என்றார்.

அண்ணாச்சி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தார். அந்தச் சத்தம் கேட்டு அக்காவின் முகம் கடுத்தது. "அது வேண்டாம்ங்க. தொறக்காதீக" என்றார்.

அண்ணாச்சி அடித்தார். ஒரே ஒரு சொல். அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏட்டி" என்றது லேப்டாப்.

பின்னால் லேசான தறிச் சத்தத்தோடு, கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, அந்தப் பழைய அவசரத்தோடு வந்தது. அக்கா எழுந்தே விட்டார். கைப்பை கீழே விழுந்தது. தங்கை குனிந்து அதை எடுக்கக்கூட இல்லை. அக்கா மேசையைத் தடவிக்கொண்டு குரல் வந்த பக்கம் நடந்தார்.

"ஏட்டி ஜெயா, போவாத" என்றது லேப்டாப்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். நான் அழுவதற்குத் தயாராகவே இருந்தேன். அக்கா அழவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்று கேட்டார்: "தொண்டை நோவுதுன்னு எப்பத்துல இருந்து தெரியும் ஒங்களுக்கு?"

அண்ணாச்சியின் விரல் நின்றுவிட்டது.

"ராத்திரி ராத்திரி இருமுனீக. என்னங்கன்னு கேட்டேன். சளின்னு சொன்னீக. எச்சில் முழுங்க முடியாம சோத்த ஒதுக்குனீக. ஆட்டோவுல கத்துன சூடு, ஆறிரும்னு சொன்னீக. எனக்கு எதையும் கண்ணால பாக்க முடியாது. நீங்க சொன்னதுதான் எனக்கு. இந்தக் கொரல்லதான சொன்னீக?"

எனக்கு வெளியே போய்விட வேண்டும் போல இருந்தது. போகவும் முடியவில்லை. இத்தனை நாள் அக்கா இதைக் கேட்காமல் வைத்திருந்தார். விளம்பரக்காரனிடம் கேட்டு என்ன பயன்? மேசைத் தட்டிடம் கேட்டால் ஆமாம் என்றா சொல்லும், இல்லை என்றா சொல்லும்? அவர் வீட்டுக் குரல் வந்து சேரட்டும் என்று காத்திருந்தது போல அந்தக் கேள்வி வந்து நின்றது.

அண்ணாச்சி நீளமாக ஏதோ அடித்தார். அழித்தார். திரும்ப அடித்தார். அதையும் அழித்தார். அவர் கழுத்துத் துளையில் மூச்சு வேகமாகப் போய்வந்தது. கடைசியில் கொஞ்சமாக அடித்து விட்டார்.

"பயமா இருந்துச்சுட்டி" என்றது லேப்டாப்.

மகளிடம் சாப்பிட்டியா என்று கேட்ட குரல் அது. பயத்தைக்கூட அந்தப் பிரியத்தோடுதான் அதற்குச் சொல்லத் தெரிந்தது.

அக்கா நாற்காலியை இழுத்து மேசையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். தங்கை "அக்கா, நேரமாவுது" என்று மெதுவாகச் சொன்னதற்கு அவர் திரும்பவில்லை.

"எப்பத்துல இருந்துன்னு கேட்டதுக்கு இன்னும் சொல்லல" என்றார். "மொதல்ல இருந்து சொல்லுங்க. அடிக்க நேரமானாலும் சரி, நான் இங்கனதான் இருக்கேன்."

அண்ணாச்சி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தங்கையும் என் பின்னாலேயே வந்து, காரில் ஏறாமல் வாசலில் நின்றுகொண்டார்.